ஆனைத்தொட்டி வளைவில் இருந்தவர்கள்

ஆடி மாதம் மலை சரிந்து மேல்லயத்தை மூடியதற்குப் பிறகு, அந்தத் தொழிலாளர் குடியிருப்பில் தோண்ட முடிந்ததையெல்லாம் தோண்டி எடுத்து, முடியாததை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, மண்வாரி வண்டிகளும் போலீஸ்காரர்களும் மைக் பிடித்தவர்களும் இறங்கிப் போய், ரோட்டை மறுபடி திறந்துவிட்ட ஆவணி மாதத்துக் காலை ஒன்றில், ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறிய மொக்கராசுவின் ஜீப் ஆனைத்தொட்டி வளைவில் திரும்பியபோது, ரோட்டோரத் தடுப்புச் சுவரின்மேல் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆளைவிட உயரம். உடம்பு முழுக்க நனைந்த தேங்காய் நார் நிறத்தில் மயிர். கைகள் அத்தனை நீளமாக இருந்தும் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவர்களைப் போல முழங்கால்மேல் மடித்து வைத்திருந்தார்கள். மூக்கு சப்பை, நெற்றி குறுகல், வாய் முன்தள்ளியது, எல்லாம் குரங்குதான். கண் மட்டும் குரங்கின் கண் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேரைக் கூப்பிடுவார்களென்று உட்கார்ந்திருப்பவர்களின் கண். அவர்கள் ரோட்டைப் பார்க்கவில்லை. எதிரே, லயம் இருந்த இடத்தில் சிவப்பாகக் கிழிந்து கிடந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மொக்கராசு பிரேக்கை மிதித்தான். மாடு மறித்தால் அடிப்பது போல மெதுவாக ஒரு ஆரன் அடித்தான். ஒருவரும் எழவில்லை. தலையை மட்டும் திருப்பி, ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. படுத்திருந்த மலை எழுந்து நடந்து வந்ததைப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள்; ஆச்சரியப்படுவதற்கு அவர்களிடம் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

குருவம்மாதான் முதலில் பேசினாள். "மொக்கராசு, வண்டிய எடுத்துராத. அந்தா, ஓரத்துல தோளச் சரிச்சு உக்காந்திருக்கில்ல, அது எங்க சீரங்கன்."

சீரங்கன் அவளுடைய தம்பி. காய் மூட்டை சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோள் இறங்கிப்போனவன். மேல்லயத்தில் செத்துப்போனவர்களில், உடம்பு கிடைக்காதவர்களில் ஒருவன். குருவம்மா சொன்ன பிறகு ஜீப்பிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தோள் சரிந்துதான் இருந்தது.

அந்த ஜீப்பின் பின்சீட்டில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒச்சம்மா, மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தாள். அவளுக்கு இருந்தது ஒரே மகள், சுகப்பிரியா. காய் எடுப்பு மும்முரமான வாரத்தில், தினமும் ஏறி இறங்குவது மேலுக்கு நோவாக இருக்கிறதென்று, மேல்லயத்தில் சித்தி வீட்டில் தங்கப்போனவள். சித்தியைத் தோண்டி எடுத்தார்கள். சித்தப்பாவை எடுத்தார்கள். அவர்கள் வீட்டுச் சேவலைக்கூட எடுத்தார்கள். சுகப்பிரியாவை எடுக்கவில்லை.

அந்த வாரத்துக்குள் அடிவாரத்து ஊரே மலையேறிவிட்டது. ஜீப்பில் வந்தார்கள், டவுன்பஸ்ஸில் வந்தார்கள், இரண்டு சக்கர வண்டியில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார்கள், வண்டி இல்லாதவர்கள் கொண்டைஊசி வளைவுகளைக் குறுக்குப்பாதையில் வெட்டி நடந்தே வந்தார்கள். வந்தவர்கள் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தேடினார்கள், தேடியவர்கள் கண்டுபிடித்தார்கள். காது மடலைச் சொறிவதை வைத்து ஒருவன் தன் அப்பாவைக் கண்டுபிடித்தான். சாப்பிடக் கொடுத்த வாழைப்பழத்தைத் தோலோடு இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை எடுத்துவைத்ததை வைத்து ஒருத்தி தன் புருசனைக் கண்டுபிடித்தாள். அவள் வீட்டுக்கு ஓடிப்போய் அவனுடைய கோடுபோட்ட சட்டையைக் கொண்டுவந்து நீட்டியபோது, அது வாங்கி மோந்து பார்த்து, மடித்தது மடித்தபடியே தன் தலைமேல் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அசையாமல் இருந்தது. "அப்படித்தான் அந்தாளு. வெயில் அடிச்சா சட்டையக் கழட்டித் தலையில போட்டுக்கிருவாரு" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

வளைவில் டீக்கடை வைத்திருந்த இப்ராகிம் ராவுத்தர் வழக்கமாகப் போடும் பாலைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட ஆரம்பித்தார். ஆற்றிய டீயைச் சுவரின்மேல் வரிசையாக வைத்துவிட்டு வந்துவிடுவார். அவர்கள் கிளாசை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, சூடு போகும்வரை பிடித்திருந்து, குடிக்காமல் திருப்பி வைத்தார்கள். அதையும் யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் கண்டக்டர் அந்த வளைவு வந்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பெரியவுக இருக்காக, மெதுவா" என்று டிரைவரிடம் சொல்லப் பழகினார். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள், எந்த மேலதிகாரியைக் கேட்டார்களோ, "மெதுவாகச் செல்லவும், ரோட்டோரம் ஆட்கள் இருப்பார்கள்" என்று மஞ்சள் பலகை நட்டார்கள். வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து போட்டோ எடுத்தார். போட்டோவில் எல்லாம் தெளிவாகவே விழுந்திருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கருமந்தி என்று எழுதிக்கொண்டு, ராவுத்தர் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனார். அவருடைய டிரைவரின் மாமன் மகனும் மேல்லயத்தில் போனவன்தான்.

கருமாதி செய்து முடித்தவர்கள், அவசரப்பட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டார்கள். செய்யாதவர்கள் நல்லவேளை என்றார்கள். ஒச்சம்மா செய்யவில்லை. அவள் புருசன் வெயில்முத்து செய்யவிடவில்லை. கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். சரிவுக்குப் பிறகு மலைப்பக்கம் திரும்பிப் படுக்கக்கூட மாட்டான். ஆனால் தினமும் பொழுதுசாயும்போது ஜீப் ஸ்டாண்டில் வந்து நின்று, அவள் இறங்கியதும் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "வந்துச்சா?" என்று கேட்பான்.

"இல்லங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சுகப்பிரியாவுக்கு இடது கைப் பழக்கம். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். வலது புருவத்தில், சின்ன வயசில் அம்மிக்கல்லில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு. ஒச்சம்மா ஒவ்வொரு காலையிலும் ஒவ்வொரு மாலையிலும் சுவர் நெடுகப் புருவங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். காராச்சேவு என்றால் உயிரை விடுவாளே என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கிப்போய் வைத்தாள். எடுத்தவர்கள் எல்லோரும் வலது கையால் எடுத்தார்கள். அடர்த்தியான மயிருக்குள் தழும்பு மறைந்திருக்குமோ என்று, ஒரு நாள் துணிந்து, உயரம் குறைந்த ஒன்றின் நெற்றி மயிரை விலக்கிப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு காட்டியது. ஒன்றும் இல்லை. "அது எங்க பெரியப்பன் பொண்டாட்டி, மதினி" என்று பின்னால் நின்ற யாரோ தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

நாளாக ஆக, ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். தன்னவர்களைப் பார்த்துவிட்ட நிம்மதியோடு, பாராதவளின் பக்கத்தில் எப்படி உட்காருவது? வளைவு வந்ததும் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். குருவம்மா மட்டும் தைரியமாகக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னும் எறங்கி வந்துக்கிட்டுத்தான் இருக்காகளாம் மதினி. எல்லாருமா ஒரே நாள்ல வருவாக? வயசுப் பிள்ள, கூச்சமா இருக்கும். இந்த மயிர் மொளச்ச மேலோட எப்படி ஆத்தா முன்னாடி வந்து நிக்கிறதுன்னு நெனைக்கும்."

"எந்த மேலோட வந்தா என்னத்தா? எங்கிட்ட என்ன கூச்சம்?"

குருவம்மா கையை அழுத்தினாள்.

சுவரின் கடைசியில், மற்றவர்களோடு ஒட்டாமல், யாருடையதாகவும் இல்லாத ஒரு கிழம் இருந்தது. பெண். ஒரு காது கிழிந்து, மார்பு வற்றிப்போய், முதுகு மயிர் நரைத்துச் சாம்பலாக இருந்தது. எந்த ஊர்க்காரரும் அதை அடையாளம் சொல்லவில்லை. மேல்லயத்தில் வடக்கேயிருந்து வந்து வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள், அவர்களைத் தேடி வர ஆள் இல்லை, ஆகவே அது அவர்களில் யாரோ ஒருத்தியாக இருக்கும் என்று பேசி முடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் நேரமெல்லாம் சரிவைப் பார்த்துக்கொண்டிருக்க, அது மட்டும் ஒவ்வொரு வண்டியும் வரும்போது எழுந்து, ஜன்னல் உயரத்துக்குக் குனிந்து, உள்ளே இருப்பவர்களை விடாமல் பார்த்தது. பார்த்துவிட்டு உட்காரும். அடுத்த வண்டி வந்தால் எழும்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், தோட்டத்தில் வேலை சீக்கிரம் முடிந்து இறங்கி வரும்போது, வளைவுக்கு வந்ததும் ஜீப்பின் டயர் பஞ்சராகிவிட்டது. மொக்கராசு ஜாக்கியை எடுத்தான். பெண்கள் இறங்கி அவரவர் ஆளிடம் போய் உட்கார்ந்து, வீட்டுக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆடு குட்டி போட்டதை, ரேசன் கடையில் கூட்டமாக இருந்ததை, மச்சானுக்குச் சர்க்கரை ஏறியதை. ஒச்சம்மாவுக்குப் போய் உட்கார இடமில்லை. சுவரின் கடைசிக்கு நடந்து, அந்தக் கிழத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அது திரும்பி அவளைப் பார்த்தது. நீளமான விரலால் அவள் தாடையைத் தொட்டு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியது. கன்னத்தை மோந்தது, கழுத்தை மோந்தது. பிறகு அவளைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கால்களுக்கு நடுவே உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்து, மயிரை வகிர்ந்து வகிர்ந்து பார்க்கத் தொடங்கியது. ஏலச் செடியின் சருகை எடுத்துப் போட்டது. காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டியது. ஒச்சம்மா அசையவில்லை. தாய் செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் தலையை இன்னொருவர் மடியில் வைத்ததே இல்லை. அவள் கண் சொருகியது. அப்போது அந்த விரல்கள் ஒருமுறை நின்றன. என்னவென்று நிமிர்ந்து பார்த்தாள். கிழம் அவள் தலைக்கு மேலாகச் சரிவைப் பார்த்துக்கொண்டு, தன் வற்றிய மார்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தியது. அழுத்திய கையைச் சரிவை நோக்கி நீட்டியது. அப்படியே அந்தக் கையை அவள் உச்சந்தலையில் கொண்டுவந்து வைத்தது.

ஒச்சம்மா சரிவின் உச்சியைப் பார்த்தாள். அதுவரை லயம் இருந்த இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் அதற்கும் மேலே பார்த்தாள். லயத்துக்கு மேலே சோலை இருந்தது. வெயில் தரையில் படாத, அட்டைக்குப் பயந்து விறகுக்குக்கூட யாரும் போகாத பெருஞ்சோலை. முதலில் சரிந்தது அதுதான். மரமும் பாறையுமாக அது இறங்கி வந்துதான் லயத்தை மூடியது. லயத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று ஊர் கேட்டது, அரசாங்கம் கேட்டது, டிவிக்காரர்கள் கேட்டார்கள். சோலையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டயர் மாற்றி ஜீப் கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு, அவள் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். "அவுக நம்மாளுக இல்ல குருவம்மா."

"என்ன மதினி?"

"அவுகளும் பிள்ளையப் பறிகொடுத்தவுக. சோலைக்குள்ள இருந்தவுக. நம்மகூடச் சேந்து அவுக பிள்ளைகளும் அந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கு. இங்கிட்டு இருக்குமோன்னு நம்ம மூஞ்சியப் பாத்துத் தேடுறாக."

குருவம்மா கையை உருவிக்கொண்டாள்.

"உம் மக வரலைன்னு, எந் தம்பியும் இல்லைங்கிறியா?"

"அதுக்காகச் சொல்லலத்தா..."

"வேற எதுக்குச் சொன்ன? சொல்லு. நேத்து அவங்கிட்ட, உம் மகன் பள்ளிக்கொடம் போறான்டா, உன் பையத்தான் மாட்டிக்கிட்டுப் போறான்டான்னேன். தலைய ஆட்டுனான். நீ பாத்தியா? ஆட்டுனான். அத எங்கிட்டருந்து புடுங்கி உனக்கு என்ன ஆகப்போகுது?"

புடுங்கித்தான் விட்டோம் என்று ஒச்சம்மாவுக்குத் தோன்றியது. சொன்னது பொய் இல்லை. ஆனாலும் அதைச் சொன்னபோது, சோலைக்காகச் சொன்னோமா, தனக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சலில் சொன்னோமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மொக்கராசு கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். அன்றிலிருந்து குருவம்மா முன்சீட்டுக்கு மாறிக்கொண்டாள். வேறு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எப்போதும்போல டீ வைத்தார்கள், பழம் வைத்தார்கள், கதை சொன்னார்கள். ஆனால் பதிலுக்குத் தலையாட்டுகிறதா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஒச்சம்மாவுக்காக மொக்கராசு இறங்கும்போது வளைவில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தத் தொடங்கினான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் செய்தான். அவள் போய்க் கிழத்தின் காலடியில் உட்காருவாள். அது தலையைப் பார்க்கும். அதன்பிறகு அது வண்டிகளுக்காக எழுவதில்லை. எத்தனை கார் போனாலும் திரும்புவதில்லை. தேடியது கிடைத்துவிட்டவர்களின் அசட்டையோடு, வருகிற போகிற சனத்தைப் பார்க்காமல், அவள் வரும் ஜீப்பின் சத்தத்துக்கு மட்டும் காதைத் திருப்பும். ஊரில் எல்லோருக்கும் அவரவர் ஆட்கள் கிடைத்தார்கள், ஒச்சம்மாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவள் இன்னொருவருக்குக் கிடைத்துவிட்டாள். அந்த மடியில் இருக்கும்போதெல்லாம் அவளுக்கு இதமாகவும் இருந்தது, திருடியது போலவும் இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் கீழைக்காற்று மழையைக் கொண்டுவந்தது. சுவரில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சட்டையைத் தலையில் வைத்திருந்தது ஒரு காலையில் இல்லை. சட்டை சுவரின்மேல் மடித்தபடி இருந்தது. காது சொறிகிறது போனது. சீரங்கன் போனான். குருவம்மா அந்த இடத்துச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, தோட்டம் போய்ச் சேரும்வரை வாய்க்குள் சேலையைத் திணித்துக்கொண்டு வந்தாள். ஊர் இரண்டாவது முறையாக இழவு வீடானது. இந்த முறை ஆறுதல் சொல்ல மைக் பிடித்தவர்கள் வரவில்லை.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், கிழம் மட்டும் இருந்தது. ஜீப் நின்றபோது அது உட்கார்ந்திருக்கவில்லை; ரோட்டில் இறங்கி நின்றது. ஒச்சம்மா கிட்டே போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சரிவை நோக்கி நடந்தது.

"அக்கா" என்றான் மொக்கராசு.

அவள் நடந்தாள். சந்தைக்குக் கூட்டிப்போகும் பிள்ளையைப் பிடிப்பது போல அது அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அதன் உள்ளங்கை சொரசொரப்பாகவும் சூடாகவும் இருந்தது. செம்மண் சேற்றில் கால் புதையப் புதைய ஏறினார்கள். ஒரு வீட்டின் ஜன்னல் கம்பி மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கவிழ்ந்த மரங்களின் வேர்களைத் தாண்டினார்கள். மேலே, சரியாமல் மிஞ்சிய சோலை இருட்டிக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உள்ளே போய்விட்டால், யாரையும் தேட வேண்டாம், யாரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டாம், ஒருத்தியின் பிள்ளையாக இருந்துவிட்டுப் போகலாம். சோலையின் ஓரம் வரைக்கும் அந்த எண்ணத்தோடுதான் போனாள். ஓரத்தில், குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தபோது, ஜீப் ஸ்டாண்டில் இந்நேரம் வந்து நின்றிருக்கும் வெயில்முத்துவின் நினைப்பு வந்தது. கால் நின்றுவிட்டது.

கிழம் இழுத்தது.

"ஆத்தா" என்றாள். "எனக்காகக் கீழ ஒரு மனுசன் நிக்கிறாரு."

அது மறுபடி இழுத்தது. அவள் முகத்தைப் பார்த்து, தொண்டைக்குள் மெல்லிய சத்தம் ஒன்று போட்டது. கையை உதறிக்கொண்டு இறங்கிவிடலாம், அது துரத்தாது. ஆனால் உதறிவிட்டுப் போனால் நாளைக்கும் இது வந்து சுவரில் உட்காரும், மழையோ வெயிலோ ஒவ்வொரு வண்டிக்கும் எழும், குனியும், தேடும் என்று அவளுக்குத் தெரியும். வராத ஒருத்திக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த மலையில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

ஒச்சம்மா கீழே குனிந்து, அந்தச் சிவப்பு மண்ணில் ஒரு பிடி அள்ளினாள். அத்தனை மாதமாக வாயால் சொல்லாததைக் கையால் செய்தாள். "சுகப்பிரியா" என்று பேரைச் சொல்லி, மண்ணை மண்ணின்மேல் போட்டாள். இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள். பிறகு கிழத்தின் கையை விரித்து, உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை வைத்து, விரல்களை மூடினாள்.

"உம் பிள்ளையும் இங்கதான் ஆத்தா இருக்கு. நான் இல்ல."

அது கையை மூக்கருகே கொண்டுபோய் மண்ணை மோந்தது. வெகுநேரம் மோந்தது. அவளை மோந்தது, மறுபடி மண்ணை மோந்தது. பிறகு நீளமான கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மண்ணைக் கீழே விட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த இன்னொரு கையும் அப்போது தளர்ந்தது. கடைசியாக ஒருமுறை அவள் தலையை வகிர்ந்து, எதையோ எடுத்துப் போட்டுவிட்டு, அது திரும்பிச் சோலைக்குள் ஏறியது. முதுகு நரை மரங்களுக்கிடையே கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

அப்போதுதான் ஒச்சம்மா அழுதாள். ஆடியில் அழாதது, ஆவணியில் அழாதது, புருசன் முன்னால் அடக்கியது, ஜீப்பில் அடக்கியது எல்லாம் சேர்ந்து, மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, என்னப் பெத்த தாயி, எங் கண்ணே என்று அழுத அழுகை ரோடுவரைக்கும் கேட்டது. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் குருவம்மாதான் முதலில் சரிவில் கால் வைத்தாள். சேற்றில் விழுந்து, எழுந்து, ஏறி வந்து, ஒச்சம்மாவைக் கட்டிக்கொண்டாள். குனிந்து ஒரு பிடி அள்ளி, "சீரங்கா, போயிட்டு வாடா சாமி" என்று போட்டாள். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பேரைச் சொன்னாள், ஒரு பிடி போட்டாள். பேர் தெரியாத வடக்கத்தி ஆட்களுக்காக ஒருத்தி பேரில்லாமலே போட்டாள். பிறகு வட்டமாக உட்கார்ந்து, தோளில் தோள் சேர்த்து, ஒருத்தி எடுக்க மற்றவர்கள் வாங்க, ஒப்பாரி எழுந்தது. சோலைக்குள்ளிருந்தும் ஒரு குரல் எடுத்தது என்று சிலர் பின்னால் சொன்னார்கள். அழுகையில் இருந்தவர்களுக்கு அது யார் குரலென்று பிரித்துக் கேட்கத் தோன்றவில்லை.

கீழே ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. மலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு காரிலிருந்து கண்ணாடியை இறக்கி ஒருவர் தலையை நீட்டினார். ராவுத்தர் கடையை விட்டு வெளியே வந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மொக்கராசு ஜீப்பின் இஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான்.

"என்னப்பா ஆச்சு? யாராவது இறந்துட்டாங்களா?" என்று காரில் இருந்தவர் கேட்டார்.

"ஆமா சார். எங்க சனம்தான்" என்றான் மொக்கராசு.

"எப்போ?"

"ஆடி மாசம் சார்" என்று சொல்லி, முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "இன்னைக்குத்தான் எடுக்குறோம்."